தீப்பெட்டி லயம்

இந்த ஊரில் பாடம் நடத்துவதற்கு முன்பே பாடத்துக்கு மார்க் போடுகிறார்கள். கனடாவுக்கு வந்து, மறுபடி ஆசிரியராக வேண்டும் என்று படிக்கப் போன இடத்தில், என் பாடத் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்த பயிற்சி ஆசிரியை மார்கரெட் ஒரு வெற்றுக் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். ‘பிள்ளைகளுக்கு இதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும்?’ என்று கேட்டிருந்த கட்டம் அது. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இலங்கையில், எஹலியகொடக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு நான் டீச்சராக இருந்தேன். டவுனில் பிறந்து வளர்ந்தவள். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவேன். அன்று மண்ணரிப்புப் பாடம். ஒரு வாரம் திட்டமிட்டிருந்தேன். தட்டில் ஈரமண்ணை மலையாகக் குவித்து, அடியில் தீப்பெட்டிகளை, தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டு வீடுகளான லயம் மாதிரி வரிசையாக வைத்து, மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன். மண் சரிந்து பெட்டிகளை மூடியது. பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். முன் வரிசையிலிருந்த சுகந்தினி ஓடிவந்து இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டினாள்.

“உள்ள ஆளுங்க இருக்காங்க டீச்சர்!”

முந்தின வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் மண்ணுக்குள் போன லயத்தில் அவளுடைய அத்தை இருந்திருக்கிறாள். வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தவிர. அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விம்மலுக்கு நடுவே சொன்னாள்:

“எங்க லயத்துக்குப் பின்னாலயும் மண்ணு வெடிச்சிருக்குங்க டீச்சர். கை உள்ள போகுது.”

பள்ளி விட்டதும் அவளோடு போனேன். மழை பிடித்துவிட்டது. வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. தோட்ட ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். கிளாக்கர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, “வெஸ்ஸ நெவத்துனாம பலமு, மிஸ்” என்றார் சிங்களத்தில். மழை விட்ட பிறகு பார்க்கலாமாம். தலைமை ஆசிரியரான பெரிய ஐயாவிடம் கெஞ்சிப் பள்ளிக்கூடச் சாவியை வாங்கினேன். ஏழு குடும்பங்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்து வகுப்பறையில் பாய் விரித்தன. மூன்றாம் நாள் காலை மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. அதன் முன்னால் நின்று சுகந்தினியின் அப்பா சொன்னார்:

“புள்ள ஒரு மாசமா சொன்னுச்சுங்க. நாங்க காதுல போட்டுக்கல.”

நான் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. அன்று தீப்பெட்டிகளை மண் மூடாமல் இருந்திருந்தால்?

என் அரைகுறை ஆங்கிலத்தில் இதையெல்லாம் மார்கரெட்டிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் அன்றைய பாடம் முடியவில்லை, இல்லையா?” என்றார் பரிவாக. ஆமாம் என்று தலையாட்டினேன்.

சுகந்தினி இப்போது கித்துல்கலயில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். லயம் போன குடும்பங்களுக்குத் தனி வீடு வரும் என்றார்கள். கிடைத்தது வேறொரு லயம்தான். போன ஞாயிறு தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“இங்க விடாம பெய்யுதுங்க டீச்சர். அங்க எப்பிடி?”

“இங்கயும் மழைதாம்மா” என்று வாய் சொல்லிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே, மேடு பள்ளமே இல்லாத தெருவில், பனி கொட்டிக்கொண்டிருந்தது.