நல்ல ரோலுக்கு இன்டு

காலையில் கம்பெனி பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வரும்போது ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருக்கும். மகாராஜபுரத்தில் ஏறும் வெள்ளத்தாய் அதில் சாப்பாட்டுப் பையை வைத்து, கேட்பவர்களிடம் "ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஆள் என்பது பாண்டிசெல்வி.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி அது. செக்கிங் பெண்கள் துணியை விளக்குப் பலகையில் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருந்தால் ரோலைச் சுற்றிய காகிதத்தில் நீலப் பென்சிலால் பெருக்கல் குறிபோல் ஓர் இன்டு போடுவார்கள். கிழிசல், கறை என்றால் சிவப்புத் துணி கட்டித் தள்ளி வைப்பார்கள். பிறகு கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். திரை முழுக்க இங்கிலீஷ். அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த வரிசையில் பாண்டிசெல்வி ஒருத்திதான்.

"செல்வி, என்னோடதச் செத்த போட்டு விடேன்" என்று வந்து நிற்பார்கள்.

"இருங்கட்டி, எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" என்பாள். கை சும்மா இருந்தாலும் கொஞ்சம் காக்கவைப்பாள். பூவும் முறுக்கும் அவள் மேசைக்குத் தானாக வந்து சேரும். வீட்டில் அவளை யாரும் இப்படித் தேடியதில்லை.

போன வருடம் சின்ன முதலாளி மேசைக்கு ஒன்றாகத் தொடுதிரை டேப் வாங்கினார். அதில் புரோகிராம் எழுத ஜெபின் என்ற பையன் வந்தான். பட்டனில் எழுத்து வைப்பதா, படம் வைப்பதா என்று ஆபீஸ் அறையில் பேச்சு வந்தது. பாண்டிசெல்வியையும் பேக்கிங்கில் இருக்கும் விஜியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"தமிழ்ல எழுதிருங்க தம்பி. படம் வச்சு வெளையாட இதென்ன பாலவாடியா?" என்றாள் பாண்டிசெல்வி.

விஜி சேத்தூர்ப் பெண். கல்யாண வீடுகளில் மெகந்தி போடுகிறவள். "பாதிப் பேருக்குத் தமிழே வாசிக்க வராதுக்கா. எழுத்த வச்சா பொறவும் ஒங்களத்தான் கூப்பிடுவாக. ஒங்களுக்குந்தானே கஷ்டம்?"

அக்கறையாகத்தான் சொன்னாள். பாண்டிசெல்விக்கு மிளகாய் அரைத்துப் பூசியது போலிருந்தது. முதலாளி படத்துக்கே தலையாட்டினார்.

இரண்டு நாளில் விஜி வரைந்து கொண்டுவந்தாள். வெள்ளை ரோல். சிவப்புத் துணி கட்டிய ரோல். டீ நேரத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளர், மேலே நுரையோடு. பாண்டிசெல்வி அந்த டம்ளரைக் குறை கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்த்தாள். குறை இல்லை. பார்த்ததும் ஒரு வாய் குடிக்கத் தோன்றியது. அதில்தான் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

ஜெபின் டேப்பில் ஏற்றிக் காட்டினான். சிவப்பு ரோலைத் தொட்டால் அப்படியே பதிவாகிவிடும். வெள்ளை ரோலைத் தொட்டால் கீழே ஒரு டிக்கும் ஓர் இன்டும் வந்தன. "டிக் அடிச்சா ஏறிடும். தப்பாத் தொட்டுட்டா இன்டு, அழிஞ்சிடும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றான். விஜியும் ஆமாம் என்றாள். செல்போனிலேயே வளர்ந்தவளுக்கு இன்டு என்றால் மூடுவது, அழிப்பது.

பாண்டிசெல்வியின் காதிடுக்கில் நீலப் பென்சில் இருந்தது. வரிசையில் உட்காரும் ஒவ்வொருத்திக்கும், நல்ல ரோலுக்கு இன்டு என்று சொல்லிக் கொடுத்ததே அவள்தான். வாயைத் திறந்தாள். ஜெபின் விஜியைப் பார்த்து, "நீங்க டிசைனராவே போகலாம்" என்றான். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அன்று ராத்திரி புருஷன் தங்கப்பாண்டியனுக்கு ரசம் ஊற்றியபடி, "இனிமே படம் பாத்து அழுத்தணுமாம்" என்றாள். பட்டாளத்தில் இருந்து வந்து, இப்போது பேங்கில் காவல் நிற்பவர் அவர்.

"நல்லதுதானே. ரோட்டுல வளைவு வருதுன்னு எழுதியா வச்சிருக்கான்? படந்தான். வரைஞ்ச புள்ள கெட்டிக்காரி."

கரண்டி சட்டியில் விழுந்தது. "அப்ப ரசத்தையும் அந்தக் கெட்டிக்காரிகிட்டயே போய் ஊத்திக்கோங்க."

"ஒனக்கு இப்ப என்ன வந்துச்சு?"

அவள் ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மேசைக்கு மேசை டேப் வந்தது. படத்தைப் பார்த்தாலே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "ஏட்டி, டீ கிளாசப் பாரு!" என்று வரிசை சிரித்தது. வெள்ளத்தாய் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்துத் தொட்டாள். "ஏட்டி செல்வி, நானே போட்டுட்டேன்! ஒன்னையக் கூப்பிடவே இல்ல பாத்தியா?" என்று அங்கிருந்தே கத்தினாள். பாண்டிசெல்வி சிரித்து வைத்தாள். அன்று அவள் மேசைக்கு ஒருத்தியும் வரவில்லை.

சாயங்காலம் சின்ன முதலாளி டேப்பும் கையுமாக, ஜெபினையும் விஜியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "வரிசை முழுக்க நல்ல ரோலு ஒண்ணுகூட இல்ல. கிழிசல் மட்டுந்தான் காட்டுது. என்னம்மா வேல பாத்தீக?"

"அடுக்கி வச்சிருக்கே, கண்ணத் தொறந்து பாருங்க மொதலாளி" என்றாள் வெள்ளத்தாய். "ஒவ்வொண்ணுக்கும் இன்டு தொட்டேன், எப்பவும் போடுதாப்புல. அந்த வளைஞ்ச கோடு வாத்தியார் போடுறதுல்லா, அத நான் எதுக்குத் தொடுதேன்?"

விஜியின் முகம் அவள் வரைந்த வெள்ளை ரோலைப் போல ஆகிவிட்டது. முதலாளி ஜெபினிடம் திரும்பினார். "படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எழுத்தையே போடு. செல்வி, பழையபடி நீயே எல்லாத்துக்கும் ஏத்திக் குடுத்துரு."

கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. பூ, முறுக்கு, காத்து நிற்கும் ஆட்கள், எல்லாம். தலையாட்டினால் போதும்.

வெள்ளத்தாய் தன் டேப்பை முந்தானையால் துடைத்து, சாப்பிட்ட தட்டைத் தள்ளுவதுபோல அவள் பக்கம் தள்ளினாள். "இந்தா, நீயே வச்சுக்கோ. நல்ல ரோலுக்கு இன்டுன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். படம் காட்டயில நீ ஆபீஸ் ரூம்லதானே நின்ன? அப்ப வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. எல்லாரும் பாண்டிசெல்வியைப் பார்த்தார்கள்.

"நின்னேன்" என்றாள். பிறகு ஜெபினைப் பார்த்து, எரிச்சலோடு, "இன்டை நல்லதுக்கு வையுங்க தம்பி. அழிக்கதுக்கு வேற ஏதாச்சும் வையுங்க. எழுத்தெல்லாம் வேண்டாம். இவியளுக்கு ஏத்தி ஏத்தி என் கையும் ஓஞ்சு போச்சு."

"அழிக்கறதுக்கு என்ன வைக்க?" என்றான் அவன்.

எல்லாருக்கும் முன்னால் தானே ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று பாண்டிசெல்வி தேடினாள். அதற்குள் விஜி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெளக்குமாறு வரையட்டா?" என்றாள்.

வரிசை கொல்லென்று சிரித்தது. முதலாளியும் சிரித்தார்.

மறுநாள் பஸ்ஸில் வெள்ளத்தாய் ஜன்னலோரத்தில் தானே உட்கார்ந்திருந்தாள். பையை எடுத்து மடியில் வைத்துப் பக்கத்தில் இடம் விட்டாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேத்தூர்ப் பக்கம் நேற்று மழையா என்று அவள் விஜியிடம் கேட்டது மட்டும், இறங்கி உள்ளே போனதும் காதில் விழுந்தது.

புதுப் படம் டேப்பில் வந்திருந்தது. ஒருத்தரும் பார்க்காதபோது பாண்டிசெல்வி வேண்டுமென்றே வெள்ளை ரோலைத் தொட்டு, பிறகு விளக்குமாற்றைத் தொட்டாள். ரோல் போய்விட்டது. தென்னை ஈர்க்கு ஒவ்வொன்றையும் அந்தப் பெண் தனித்தனியாக இழுத்திருந்தாள். கட்டுக் கயிறுகூட இருந்தது. இன்னொரு தடவை ரோலைத் தொட்டு, இன்னொரு தடவை கூட்டித் தள்ளினாள். தன் வீட்டிலும் இதே விளக்குமாறுதான் கதவுக்குப் பின்னால் நிற்கிறது, தினமும் கையில் எடுக்கிறோம், நமக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க அவளுக்கு எரிந்துகொண்டே இருந்தது.