அக்காவின் கடைசி அத்தியாயம்

என் அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அதே கடையில் முன்பக்கம் கல்லாவில் இருப்பது நான். நீங்கள் என்னிடம் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனதும் அது பின்னறைக்குப் போகும். அங்கே அக்கா லென்ஸை அளவு பார்த்து வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமைச் சூடுகாட்டி இளக்கி, உள்ளே பொருத்துவாள். தேய்க்கிற மெஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளையாய் ஒரு சேறு வழியும். அது காய்ந்து அவள் விரல் இடுக்கில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கையால்தான் அவள் ஒரு நாவலும் எழுதினாள். எழுதி முடிக்கப் பல வருஷம் ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் என்று நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

அவள் ஒரு அத்தியாயத்தைத் தொடங்கினால் போதும், சின்னவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சல் இறங்கினால் பெரியவளுக்குப் பரீட்சை. பரீட்சை முடிந்தால் மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்து கூரை ஒழுகும். ஒரு தடவை அப்படி ஒழுகியதில் கட்டில்மேல் இருந்த தாள்கள் ஊறி அப்பளமாகிவிட்டன. மெத்தையைக் காயவைக்க நாலு பேர் ஓடிவந்தார்கள். தாள்களை விரித்துப்போட்டவள் அக்கா ஒருத்திதான்.

அத்தானுக்குக் குளிர்பெட்டி ரிப்பேர் தொழில். கெட்டவர் இல்லை. குடியில்லை, கை நீட்டுவதில்லை. ஆனால் அக்கா பேனாவும் கையுமாக உட்கார்ந்தால் அவர் வாயில் அந்த ஒரு வார்த்தை வந்துவிடும். "சும்மாதானே உக்காந்திருக்க, அந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் வெச்சுடேன்." சும்மா! பத்துப் பேரை மண்டைக்குள் வைத்துக்கொண்டு, யார் எந்த வாசல் வழியாகப் போனார்கள், யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இந்த வீடு வைத்த பெயர் அது.

கடைசியில் அவள் இடம் பிடித்தது கடையில்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண் பரிசோதிக்கிற அறை காலியாக இருக்கும். அங்கே சோதனைக்கு வருகிறவர் உட்காரும் நாற்காலியில் ஒரு முழங்காலில் சோற்று டப்பா, மறு முழங்காலில் தாள். எதிரே எழுத்துப் பலகையின் வெளிச்சம். முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கண்ணு கிண்ணு தெரியலையா?" என்றார். "நல்லாத் தெரியுது சார். அதான் பிரச்சினையே" என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கதை இதுதான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் ஒருவர் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. வேறு ஏதோ ஊரில் இறங்கிவிடுகிறார். அவர் மனைவி தேடுகிறாள், அலைகிறாள், அழுகிறாள். கடைசி அத்தியாயத்தில், அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்த அன்று, படுத்து விடியும்வரை நன்றாகத் தூங்குகிறாள். அவ்வளவுதான். அந்தத் தூக்கத்தை எழுத அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். கூட்டி, குறைத்து, கிழித்து, மறுபடி எழுதினாள்.

ஒரு பதிப்பகம் போடுகிறோம் என்றது. கம்ப்யூட்டரில் அடித்து, பிழையில்லாமல் அனுப்பச் சொன்னது. பெரியவள் உட்கார்ந்து அம்மாவுக்காக முழுவதையும் அடித்துக் கொடுத்தாள். அக்காவுக்குத் தனியாக மின்னஞ்சல் கிடையாது. அத்தானுடையதிலிருந்துதான் போக்குவரத்து. அங்கேதான் ஓட்டை விழுந்தது.

அத்தானின் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பத்திரிகைகளில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார், அதில் பாதி வரும். அதனால் அந்தக் குடும்பத்துக்கே எழுத்தென்றால் அவர்தான். யார் வீட்டு அழைப்பிதழாக இருந்தாலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடாமல் கீழே வைக்கமாட்டார். நானும் அக்காவும் அவருக்கு 'பிழைதிருத்தம்' என்று பெயர் வைத்திருந்தோம். எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன் என்று அவர் கேட்க, அத்தான் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். மின்னஞ்சலின் ரகசியச் சொல்லையும் சேர்த்து.

கொஞ்ச நாளில் பதிப்பகத்தார் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் தயாரான கண்ணாடியை வாங்கப் பின்னறைக்குப் போயிருந்தேன். அக்கா காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, கையில் லென்ஸோடு நின்றிருந்தாள். சத்தம் எனக்கும் கேட்டது.

"அம்மா, அந்தக் கடைசி அத்தியாயம் பிரமாதம்! அவர் திரும்பி வந்து வாசல்ல நிக்கற இடத்துல எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க அழுதுட்டாங்க."

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"யாரு திரும்பி வர்றாங்க?"

"அவங்க வீட்டுக்காரர்தான். அந்த அம்மா அவர் கால்ல விழுந்து, 'இனிமே உங்க மனசு கோணாம நடந்துக்கறேன்'னு..."

"கால்ல?"

லென்ஸ் கீழே விழுந்தது. பிளாஸ்டிக் லென்ஸ்தான், உடையவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து நான் ரெண்டடி பின்னால் போனேன்.

"இது பிழைதிருத்தத்தோட வேலை" என்றபடி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அக்கா தெருவில் இறங்கினாள். முதலாளியிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தானின் பட்டறை இரண்டு தெரு தள்ளி. கதவு கழற்றிய குளிர்பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, நடுவில் அத்தான் செம்புக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என் கதையை உங்க அண்ணன் கையில குடுத்தீங்களா?"

"எழுத்துப்பிழைதான் பாக்கறேன்னாரு."

"கடைசி அத்தியாயத்தையே எடுத்துட்டு அவரா ஒண்ணு எழுதி, என் பேருல அனுப்பியிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அத்தான் தீயை அணைத்தார். "ஏதோ முடிவு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு, சரி பண்றேன்னாரு. நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

"நீங்க படிச்சீங்களா?"

"எனக்கு எங்க நேரம்?"

"ஒரு பக்கம்? ஒரே ஒரு பக்கமாவது?"

வேலையாள் ஒருவர் ஸ்பானரைத் தேடுவதுபோல மெல்ல வெளியே நழுவினார்.

அங்கிருந்து நேராகப் பிழைதிருத்தத்தின் வீடு. அன்று அவருக்கு விடுமுறை. கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு, "வாம்மா, உக்காரு" என்றார்.

"உக்கார வரலை. என் கதையை மாத்த நீங்க யாரு?"

"கோபப்படாதம்மா. நம்ம குடும்பத்துப் பொண்ணு எழுதறது. புருஷன் போனதும் பொண்டாட்டி நிம்மதியாத் தூங்கினாள்னு முடிச்சா, படிக்கறவன் உன்னைப் பத்தி என்ன நினைப்பான்? என் தம்பியைப் பத்தி என்ன நினைப்பான்?"

"அது உங்க தம்பி இல்ல."

"நீ சொல்லுவ. ஊரு ஒத்துக்குமா? ஒவ்வொரு வீடாப் போயி விளக்குவியா?"

"நீங்க இன்ஷூரன்ஸ் பத்திரத்துல அடுத்தவங்க கையெழுத்தைப் போடுவீங்களா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அது காசு, இது சும்மா. அதானே?"

அவர் எழுந்து நின்று தம்பிக்கு ஃபோன் செய்யப் போனார். அக்கா அவர் கையிலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கி நாலாக மடித்து மேஜைமேல் வைத்தாள். அவள் வேறு எதையும் பிடுங்கிவிடக்கூடாதே என்று நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பதிப்பகத்திலாவது நியாயம் கிடைக்கும் என்று மறுநாள் அக்காவின் தாள்களை எடுத்துக்கொண்டு போனோம். பதிப்பகத்தார் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில், புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பழைய முடிவையும் வாங்கிப் பொறுமையாகப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "உங்களுதும் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா விக்கறது அதுதான். யார் எழுதினா என்ன, உங்க பேருலதானே வருது?"

அக்கா அந்தத் தாள்களை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். "என் பேரு மட்டும் போதும்னா, அதை மட்டும் அட்டையில போட்டு உள்ள வெறும் தாளா வித்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். விடுவிடென்று படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் உரசினாற்போலப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று திட்டினாள். அவ்வளவு வசவு அவளுக்குத் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் அத்தான், "கிடைச்சதை எட்டி உதைச்சுட்டு வந்திருக்கியே" என்றார். அத்தோடு அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சமைத்தாள், பரிமாறினாள், துவைத்தாள், இஸ்திரி போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. "உங்கம்மாகிட்ட உப்பு எங்கன்னு கேளு" என்று அத்தான் மகளிடம் சொல்ல, "உங்கப்பா எதிரதான் இருக்குன்னு சொல்லு" என்று பதில் போகும். சின்னவனுக்கு இது விளையாட்டாகிவிட்டது. நடுவில் செய்தியைக் கொஞ்சம் மாற்றியும் சொல்ல ஆரம்பித்தான்.

இப்படியே வாரங்கள் போயின. அத்தான் என்ன நினைத்தாரோ, அக்காவின் நாவல் தாள்களைப் பையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப்போகத் தொடங்கினார். குளிர்பெட்டியில் காஸ் நிரம்புகிற நேரத்தில் படித்தாராம். பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் விரல் ரேகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போயிருந்தபோது, அதைக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்தார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முழுசும் படிச்சேன்" என்றார், சுவரைப் பார்த்து.

அக்கா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவ தூங்கினது தப்பில்ல. தூங்கட்டும். ஆனா அந்த ஆளு ஏன் இறங்கிப் போனான்? அதை நீ எழுதவே இல்லையே. உனக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சுக்க வேணாம்னு விட்டுட்டியா?"

கத்தி நின்றது. அக்காவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்தக் கதையைப் பற்றி அவளிடம் ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. அதை இந்த மனுஷன் கேட்டுவிட்டாரே என்ற ஆத்திரம் ஒரு பக்கம், பதில் இல்லையே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். வாரக்கணக்கில் பூட்டியிருந்த வாய் அப்படித்தான் திறந்தது.

அத்தான் தலையைச் சொறிந்தார். "பெருசா ஒண்ணும் இருக்காது. நானே தினம் வேலை முடிஞ்சு ஸ்டாப்புக்கு வந்து, ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுலதான் ஏறுவேன்."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா நிப்பேன். யாரும் எதுவும் கேக்காம கொஞ்ச நேரம். என்னிக்காவது ஒருநாள் மூணாவதையும் விட்டுட்டா என்ன ஆகும்னு தோணும். அப்புறம் ஏறிடுவேன்."

அவர் ஏதோ மனம் திறந்து பேசுவதாக நினைத்துத்தான் சொன்னார். அக்கா கத்தியை மேடையில் அடித்து வைத்தாள்.

"ரெண்டு பஸ்ஸா? தினமுமா? இங்க நான் ஒருத்தனைக் குளிப்பாட்டி, ஒருத்தியைப் படிக்க வெச்சு, சோத்தை வடிச்சு, 'இன்னிக்கும் லேட்டா, பாவம் வேலை அதிகம் போல'ன்னு உங்களுக்குத் தனியா எடுத்து மூடி வெச்சிட்டிருந்தேனே! நீங்க பஸ் ஸ்டாப்புல காத்து வாங்கிட்டு நின்னீங்களா? எனக்கு விடறதுக்கு ஒரு பஸ் இருந்திச்சா இந்த வீட்டுல? ஒண்ணே ஒண்ணு?"

பெரியவள் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. எனக்கும் நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அது அவர்களுடைய சண்டை.

"நாளையிலிருந்து அந்த ரெண்டு பஸ் நேரம் என்னுது" என்றாள் அக்கா. "நீங்க முதல் பஸ்ல வீட்டுக்கு வர்றீங்க. நான் கடையிலயே இருந்துட்டு வருவேன். சோறு குழைஞ்சாலும் சரி, தீஞ்சாலும் சரி, எனக்கு ஃபோன் வரக்கூடாது."

அத்தான் தலையாட்டினார். முதல் வாரம் எல்லாம் தீய்ந்தது. ஃபோனும் வந்தது, எடுக்கவில்லை. பிறகு பெரியவளும் அத்தானும் சேர்ந்து ஒருமாதிரி ஒப்பேற்றக் கற்றுக்கொண்டார்கள். கண் பரிசோதனை அறையில், கடை பூட்டும்வரை அக்கா அந்த டிக்கெட் பரிசோதகர் ஏன் போனார் என்பதை எழுதினாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஒரு மனிதனைப் பற்றிய நீளமான அத்தியாயம் அது. எழுதும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். "இந்த ஆளு மேல எனக்கு இரக்கம் வருதுடி. அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். தூங்குகிற அத்தியாயத்தில் ஒரு வரியையும் மாற்றவில்லை.

புத்தகம் வேறொரு சின்னப் பதிப்பகத்தில் வந்தது. அதிகம் விற்கவில்லை. படித்தவர்களில் சிலர் அந்த மனைவியைத் திட்டினார்கள், சிலர் அந்தப் பரிசோதகரைத் திட்டினார்கள். பிழைதிருத்தம் ஃபோன் செய்து, முதல் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்றார். அக்கா "சரி" என்று வைத்துவிட்டாள். அவர் வீட்டுப் படியை அவள் இன்றுவரை மிதிக்கவில்லை. அத்தான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். வயதில் பெரியவர், விட்டுக்கொடு என்று நானே ஒருமுறை சொன்னேன். "வயசுல பெரியவர்னா வயசைத் திருத்தட்டும். என் பக்கத்தை எதுக்குத் திருத்தணும்?" என்றாள்.

இப்போது இரண்டாவது நாவல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்பது பேச்சுக்குத்தான். போன வாரம் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், குடம் சுமந்தே அவள் நேரமெல்லாம் போயிற்று. நேற்று மத்தியானம் பின்னறையில், யார் மேல் என்று தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. வாங்கிக்கொண்டு, அவள் தாளோடு சோதனை அறைக்குள் போனதும் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, கண் பார்க்க வந்த ஒருவரிடம் கொஞ்சம் உட்காரச் சொன்னேன்.