தோட்டத்து வாயிலில் நின்ற கவச ஊர்தி

எழுபதுகளின் பிற்பகுதியில், செமோருக்கு அருகிலிருந்த ரப்பர்த் தோட்டமொன்றில், இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயப் படை கைவிட்டுச் சென்ற கவச ஊர்தியொன்று கட்டிப்பால் எனப்படும் உறைந்த ரப்பர்ப்பாலைக் கொட்டிவைக்கும் தொட்டியாகப் பயன்பட்டு வந்தது. மேற்கூரை இல்லாமல், சக்கரங்களைச் சுற்றி இரும்புச் சங்கிலி ஓடும் சிறிய ஊர்தி அது. அவ்வகையில் ஓடும் நிலையில் ஒன்றேனும் நாட்டில் எஞ்சியிருப்பதாக நாங்கள் கேள்வியுற்றதில்லை. ஈப்போவில் லோரிப் பட்டறை வைத்திருந்த என் தங்கையின் கணவர் அதை ஓட்டியே தீருவதென்று முடிவு செய்தார். தடுக்கத்தக்க காரணங்கள் எங்களிடம் பல இருந்தன, அவர் கேட்கவில்லை.

இதற்கிடையே தோட்டம் கைமாறியது. புதிய நிர்வாகத்தின் நிபந்தனை எளியது. ஆயுத பூசையன்று மாலைக்குள் ஊர்தி தானாக ஓடி வாயிலைக் கடந்தால் அது மாப்பிள்ளையுடையது; இல்லையேல் பழைய இரும்பு வாங்கும் சீனருடையது.

ஞாயிறுதோறும் மாப்பிள்ளை தோட்டத்துக் கொட்டகையில் உழைத்தார். இறுகிய ரப்பரைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்தார். அந்நாற்றம் வீட்டுக்குள் வரலாகாதென்று தங்கை அவருக்கு இரவுச் சோற்றைப் பட்டறைக்கே அனுப்பினாள். துருவேறிய சங்கிலி ஆணிகளுக்கு மாற்றாக ஈயச் சுரங்கத்துப் பட்டறையொன்றில் புதியவற்றைக் கடையச் செய்து வாங்கினார். நான் திருகாணிகளை மண்ணெண்ணெயில் கழுவினேன்.

பூசை நாளும் வந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எவ்வண்டியும் எங்கள் குடும்பத்தில் புறப்பட்டதில்லை.

“லோரிக்கு நாலு. இதுக்கு எத்தன பழம்ணே?” என்று தங்கை என்னிடம் கேட்டாள்.

நிலத்தைத் தொடுவது சங்கிலியே ஆதலின் இரண்டு போதும் என்றேன். பயணம் தொடங்குமிடம் வாயில்தான் என்று அவள் தீர்ப்பளித்து, பழங்களை அங்கே வைத்தாள்.

ஊர்தி புகை கக்கியவாறு கொட்டகையிலிருந்து வந்து பழங்களின்மேல் ஏறியது. வலப்பக்கத்துப் பழம் நசுங்கியது. இடப்பக்கத்துப் பழமோ சங்கிலியின் இரு கண்ணிகளுக்கிடையே முழுதாக அமர்ந்துகொண்டது. குனிந்து பார்த்த தங்கை கத்தினாள்.

“நசுங்கல! நிப்பாட்டுங்க!”

மாப்பிள்ளை நிறுத்தினார். இயந்திரமும் நின்றது, மீண்டும் உயிர்க்கவில்லை. ஊர்தியின் முன்பாதி வெளியிலும் பின்பாதி தோட்டத்திலும் இருந்தன.

“ஒரு பழத்துக்காக வண்டிய நிப்பாட்டிட்டியே!”

“இத்தன வருசமா நான் சொன்னத எதக் கேட்டீங்க? இன்னைக்குத்தான் கேக்கணுமா?”

“இனி நம்ப இரும்பு லா,” என்றார் மரத்தடியில் காத்திருந்த சீனர்.

தோட்டத்து அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் குடையோடு வந்து சுற்றிப் பார்த்தார். “பாதி போனதெல்லாம் கணக்குல வராது லா, தம்பி.”

அப்போது வெளியே நிர்வாகியின் கார் வந்து நின்று ஒலியெழுப்பியது. தோட்டத்துக்கு வேறு வாயில் இல்லை. ஊர்தியை உள்ளே இழுப்பதென்றால் மேட்டில் ஏற்ற வேண்டும், வெளியேயோ சரிவு. இரண்டாம் முறை ஒலி கேட்டதும் கிராணியார் குடையை என் கையில் தந்தார்.

“பாத்துக்கிட்டு நிக்காதீங்கடா, தள்ளுங்க!” என்று ஆட்களை அதட்டி, தாமும் தோள் கொடுத்தார். ஊர்தி சரிவில் உருண்டது. மாப்பிள்ளை கிளட்சை விட்டதும் இயந்திரம் உறுமி, கார் ஒதுங்கி வழிவிட, சாலையில் ஏறிப் போயிற்று.

அது தானாக ஓடியதா என்று நிர்வாகி காரிலிருந்தபடியே வினவினார்.

கிராணியார் கிரீசு படிந்த கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார்.

“தானாத்தான் போச்சுங்க, தொர.”