படிக்காமல் போட்ட கையெழுத்து

என் மகளுக்குக் காது மந்தம். முன் பெஞ்சில் உட்கார வைத்தால் டீச்சரின் வாயைப் பார்த்தே பாடம் பிடித்துக்கொள்வாள். ஆந்திராவில் எங்கள் ஊரான நகரியில் அவள் படிக்கும் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் அவளைக் கடைசி பெஞ்சிலேயே வைத்திருந்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இவளுக்குப் படிப்பு ஏறாதுப்பா. ஃபெயிலானா இஸ்கூலுக்குத்தான் கெட்ட பேரு. இதுல கையெழுத்து போடு."

காகிதம் தெலுங்கில் இருந்தது. நான் ஐந்தாவது வரை தமிழில் படித்த விசைத்தறிக்காரன். தெலுங்கு பேசுவேன், படிக்கத் தெரியாது. என்னவென்று கேட்க வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்தில் நின்ற மகள் எட்டிப் பார்த்தாள். "நைனா, நீயே என்னை இஸ்கூல்லேர்ந்து நிறுத்திக்கிறேன்னு எழுதிக்கீதே! நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"அட, படிக்கிறாளே!" என்று அவர் பல்லைக் காட்டினார். இத்தனை வருடம் வாத்தியார் வேலை பார்த்த மனிதருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்ததாம்!

காகிதத்தை இழுத்துக் கிழித்தேன். "நாளிக்கி இவ முன் பெஞ்சில குந்துவா சார். நானும் வாசல்ல நின்னுக்கினு பாப்பேன்."

இப்போது அவள் முன் பெஞ்சில்தான் உட்காருகிறாள். அந்த மனிதருக்கு நான் வணக்கம் வைப்பதில்லை. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது என் கையெழுத்து ஒன்றுதான். அதைக் கேள்வி கேட்காமல் கொடுத்தவன் நான். என் கூச்சத்தை இனி அடக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.