கொடுபடாத ஒன்பதாம் இலக்கம்

பருத்தித்துறை பஸ் நிலையத்தில் தில்லைநாதனை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைத்தான் சொல்வார்கள். ஏதாவது ஒரு பஸ் அன்றைக்கு ஓடாது என்று தெரிந்துவிட்டால், பஸ் நேரம் பார்க்கும் அந்த ரைம்கீப்பர் தன் அறையை விட்டு இறங்கி வருவார். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் போய், "நாலேகால் வராது அம்மா, சும்மா கால்கடுக்க நில்லாமல் வீட்டை போங்கோ" என்று தனித்தனியாகச் சொல்லுவார். பலகையில் எழுதிப் போட்டால் போதுமே என்று மேலே உள்ளவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. 1981 தை மாதம் அவர் இறந்தார். பலகை மட்டும் மிஞ்சியது.

அந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. ஐம்பத்திரண்டு வயதுவரை அவர் எதையும் முன்கூட்டிச் சொல்லாத மனிதர். அதுதான் அவருடைய பெருமையாகவும் இருந்தது.

கரையோரத்துப் பெடியன்கள் சேர்ந்து 1957இல் கடற்சுடர் விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கியபோது அவரை மனேஜர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து அவர் வைத்ததுதான் சட்டம். யார் விளையாடுவார்கள், யார் வெளியே இருப்பார்கள் என்று அவர் வாயால் சொன்னதே கிடையாது. ஆட்டத்தன்று காலையில் மனைவி நாகேஸ்வரி தோய்த்து மடித்த பதினொரு ஜேர்சிகளையும் ஒரு பையில் போட்டு, கடற்கரை வைரவர் கோயிலுக்குக் கொண்டுபோவார். வைரவரின் காலடியில் வைத்துக் கற்பூரம் கொளுத்துவார். பிறகு மைதானத்தில் பெடியன்கள் வரிசையாக நின்று இரண்டு கையையும் நீட்டுவார்கள். எவன் கையில் ஜேர்சி விழுகிறதோ அவன் விளையாடுவான். விழாதவன் விளையாடுகிறவர்களுக்கு இடைவேளையில் கொடுக்கத் தேசிக்காய் வெட்டுவான். பதினேழு வருடம் இதைப் பார்த்துப் பழகிய ஊருக்கு, ஜேர்சி வாங்குவது கோயிலில் திருநீறு வாங்குவது போல ஆகிவிட்டது.

1974ஆம் ஆண்டு ஆவணியில் கழகம் முதன்முறையாக யாழ்ப்பாணத்தில் ஓர் உதைபந்தாட்ட இறுதியாட்டத்துக்குப் போனது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் ஆழ்வாப்பிள்ளை நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். வள்ளத்தைத் தனியாகக் கரைக்குக் கொண்டுவந்தவன் மகன் பரமலிங்கம். கழகத்தின் ஒன்பதாம் இலக்கக்காரன் அவன்தான்.

தில்லைநாதன் செத்தவீட்டுக்கு ஒவ்வொரு நாளும் போனார். எட்டாம் நாள் எட்டுச்செலவு வரைக்கும் போய்ப் பாயில் அவன் பக்கத்தில் இருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை செத்தவீட்டுக்குத் துடக்கு, கோயில் பக்கம் போகக்கூடாத தீட்டு. துடக்குக்காரனுக்கு வைரவரின் காலடியில் வைத்த ஜேர்சியைக் கொடுக்கலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை. ஒருநாள் கொடுக்கலாம் போல இருக்கும். மற்ற நாள் ஊர் என்ன சொல்லும் என்று இருக்கும். பரமலிங்கமும் கேட்கவில்லை. ஜேர்சி கையில் விழும்வரை யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது என்ற தன் சட்டம் அந்த நாட்களில் அவருக்கு ஒளிந்துகொள்ள வசதியான இடமாக இருந்தது.

மைதானத்தில் பரமலிங்கம் முகம் வழிக்காமல் வந்து வரிசையில் நின்றான். கையை நீட்டினான். தில்லைநாதன் ஒன்பதாம் இலக்கத்தைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு கணம் நின்றார். பிறகு அவனைக் கடந்து, பக்கத்தில் நின்ற கிட்ணனின் கையில் வைத்தார்.

கழகம் ஒன்றுக்குப் பூச்சியமாகத் தோற்றது.

திரும்பி வர லொறி பிடித்திருந்தார்கள். சாரதி அடைக்கலநாதனுக்குப் பக்கத்தில் தில்லைநாதன் இருந்தார், மடியில் பை. பின்னால் பெடியன்களும் பார்க்க வந்த ஊராட்களும் நின்றார்கள். சாரதியின் தலைக்குப் பின்னால் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று. நல்லூர் கழியும்வரை பின்னால் யாரும் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு கிட்ணனின் அண்ணன், வலை வியாபாரி சீவரத்தினத்தின் குரல் வந்தது.

"உந்த மனிசன் இனிப் போகவேணும். பதினேழு வரியம். எங்கடை கோயில் மணியகாரன்கூட இவ்வளவு காலம் இருக்கேல்லை."

"மெள்ளக் கதை. முன்னுக்குத்தான் இருக்கிறார்." இது தம்பிஐயா, பழைய கோல்காப்பாளர்.

"கேக்கட்டும். கேக்கத்தான் கதைக்கிறன்."

"மாரி மழைக்குள்ளை முல்லைத்தீவு மீன்வாடிக்குப் போய், தொழிலுக்குப் போன பெடியளைப் பிடிச்சுக்கொண்டு வந்து விளையாட வைச்சவர் ஆர்? நீயோ?"

"அது அந்தக் காலம், அண்ணை. இண்டைக்கு ஒன்பதை வெளியிலை விட்டுட்டு எங்கடை கிட்ணனைப் போட்டால் கோல் வருமோ? கொக்கு மீனைப் பாக்கிறமாதிரிப் பந்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"அண்ணை, நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்றது இன்னொரு குரல். லொறி முழுக்கச் சிரித்தது.

"துடக்கல்லோ, என்ன செய்யிறது?" என்றார் தம்பிஐயா.

"துடக்குக் கோயிலுக்கு. பந்துக்கென்ன துடக்கு?"

"நல்ல கதை. அவனை விளையாட விட்டு, ஒருத்தன்ரை கால் முறிஞ்சிருந்தால் நீதான் முதல் ஆளாய்ச் சொல்லுவாய், துடக்குக்காரனை இறக்கினதாலைதான் எண்டு."

"ஓம், சொல்லுவன். முறிஞ்சாலும் சொல்லுவன், தோத்தாலும் சொல்லுவன். பிறகேன் பாக்க வாறது?"

அடைக்கலநாதன் ஒரு கையால் ஜன்னல் பலகையைத் தொட்டான். "சாத்தட்டோ, அண்ணை?"

"வேண்டாம். கிடக்கட்டும்."

சீவரத்தினம் சொன்னது அவரைத் தொடவில்லை. தோற்ற நாளில் மனேஜரைப் பேசுவது ஊரின் உரிமை. அவர் வேறொரு குரலுக்காகக் காத்திருந்தார். அந்தக் குரல் மட்டும் வரவில்லை. வல்லை வெளியில் சோளகக் காற்று லொறியைப் பக்கவாட்டில் தள்ளியது. பின்னால் கதைத்ததெல்லாம் உப்பு வெளிக்குப் பறந்துபோனது. நெல்லியடிச் சந்தியில் தேத்தண்ணிக்கு நிறுத்தி எஞ்சினை அணைத்தபோதுதான் மறுபடி கேட்டது.

"நீ சொல்லு தம்பி" என்று தம்பிஐயா கேட்டுக்கொண்டிருந்தார். "உன்ரை விஷயத்திலைதானே இவ்வளவு பிடுங்குப்பாடும். தில்லையண்ணை இருக்கிறதோ, போறதோ?"



"எனக்கு விளையாடாதது பெரிசில்லை, அண்ணை" என்றான் பரமலிங்கம். மெதுவாகத்தான் சொன்னான். "எட்டு நாளும் வீட்டை வந்தவர். எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவர். தம்பி, உனக்கு இந்தமுறை இல்லையெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வீட்டிலை நிண்டிருப்பன். அப்பருக்குக் கொள்ளி வைச்ச கை. அதை இவ்வளவு சனத்துக்கு முன்னாலை நீட்டிக்கொண்டு நிண்டன்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவனும் இருப்பதா போவதா என்று சொல்லவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த அடைக்கலநாதன் பேணியை நீட்டினான். தில்லைநாதன் அதை வாங்க மறந்து இருந்தார்.

வீட்டில் நாகேஸ்வரி பையை வாங்கி அவிழ்த்தாள். வியர்வை நாறும் ஜேர்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டவள், ஒன்பதை எடுத்ததும் நிறுத்தினாள்.

"பெடியன் வந்தவனே?"

"வந்தவன்."

"நீங்கள் சொல்லேல்லையே அவனுக்கு?"

அன்று கிணற்றடியில் அவள் தோய்த்த சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கேட்டது.

அடுத்த ஞாயிறு வைரவர் கோயில் வீதியில் கழகக் கூட்டம். நாற்பது பேர் வரை வந்திருந்தார்கள். லொறியில் நடந்த கதையே இன்னொருமுறை நடந்தது. கடைசியில் கை உயர்த்தச் சொன்னார்கள். அவர் இருக்கவேண்டும் என்று பெரும்பாலானோர் கையை உயர்த்தினார்கள். அதில் சீவரத்தினமும் ஒருவன்.

"என்ன, மாறிப்போட்டாய்?" என்று தம்பிஐயா கேட்டார்.

"இவர் போனால் பிறகு நாங்கள் ஆரைப் பேசுறது?" என்றான் அவன்.

தில்லைநாதன் சிரித்தார் என்றுதான் பலருக்கு நினைவு. எழுந்து, மடித்த ஜேர்சிகள் இருந்த பையை மேசையில் வைத்தார். "நான் விடுறன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, பதினேழு வருடம் போதும் என்றார். தோல்வி அவரைச் சுட்டுவிட்டது என்று ஊர் பேசியது. பரமலிங்கம் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. துடக்கில் கோயில் வீதிக்கு எப்படி வருவான்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அழைப்பு வந்தது. தில்லைநாதன் போகும் வழியெல்லாம் ஒரு வசனத்தை மனதுக்குள் சரிசெய்துகொண்டு போனார். "தம்பி, நான் முதலே சொல்லியிருக்கவேணும்." அவ்வளவுதான். பஸ் நேரங்களை நாள் முழுக்கச் சொல்கிற வாய்க்கு அது பெரிய வசனமல்ல.

பந்தலில் பாய் விரித்து வரிசையாக இலை போட்டிருந்தார்கள். அவர் ஆறாவது இலையில் இருந்தார். சோறும் கறிகளும் யார்யாரோ போட்டார்கள். பாயாச வாளியோடு பரமலிங்கம் வந்தான். மொட்டையடித்த தலை, புது வேட்டி. முதல் இலையில் குனிந்தான், இரண்டாவதில் குனிந்தான். தில்லைநாதன் அவன் காலடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் தன்னைக் கடந்து போய்விடுவான் என்று நினைத்தார். போனால் நல்லது என்றும் நினைத்தார்.

அவன் கடக்கவில்லை. மற்றவர்களுக்கு விட்டதைப் போலவே, கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஓர் அகப்பை விட்டான்.

"இன்னும் விடட்டோ?"

"போதும், தம்பி."

அவன் ஏழாவது இலைக்குப் போய்விட்டான்.

கை கழுவியபின் படலையடியில் கொஞ்ச நேரம் நின்றார். பரமலிங்கத்தின் தாய் சின்னாச்சி வாசலில் நின்று பார்த்தாள். செத்தவீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது ஊர் வழக்கம். அந்தியேட்டி முடிந்தபின் அது பொருந்துமோ தெரியாது. ஆனால் ஒளிந்துகொள்ள மறுபடியும் ஒரு வழக்கம் கிடைத்துவிட்டது. அவர் சொல்லாமலே படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. புது மனேஜர் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே பெயர்களை எழுதி ஒட்டினார். பரமலிங்கம் மூன்று வருடம் விளையாடிவிட்டுக் கப்பலுக்குப் போனான். தில்லைநாதன் செத்தபோது அவன் எந்தத் துறைமுகத்தில் நின்றான் என்று யாருக்கும் தெரியாது.

அந்தியேட்டிக்கு அடுத்த திங்கட்கிழமை, நாலேகால் பஸ் புத்தூரில் பழுதாகி நின்றுவிட்டது என்று தொலைபேசியில் செய்தி வந்தது. பலகையில் எழுதச் சோக்கட்டியை எடுத்தார். வெளியே பதினான்கு பேர் நின்றார்கள். முன்னால் நின்ற கிழவி, பஸ் வந்துவிட்டதுபோல, கடகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். அவர் சோக்கட்டியை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.