அத்தான் வராத மறுவீடு

எங்கள் அத்தான் அவர்கள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி அவருடைய மனைவியாகிய என் அக்காள் கேட்டுக்கொண்டாள். "நல்லத எழுதணுமா, உள்ளத எழுதணுமா?" என்று கேட்டேன். "உள்ளத எழுதுலே. நல்லதயெல்லாம் கல்லறையில வெட்டியாச்சு" என்றாள்.

அத்தான் அயர்லாந்து தேசத்தில், மழையும் உருளைக்கிழங்கும் தவிர வேறொன்றும் காணாத ஒரு கிராமத்தில் பிறந்தார்கள். தகப்பனார் ஓர் ஆங்கிலேயனின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அந்த ஆங்கிலேயன் ஒருநாளும் தங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை என்று அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

படித்தார்கள், பரீட்சை தேறினார்கள், கப்பலேறினார்கள். திருநெல்வேலி ஜில்லா ஜட்ஜாகப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். கை சுத்தம். லஞ்சம் வாங்கியதில்லை. அதை அடுத்தவர்களுக்கு நினைவூட்டவும் தவறியதில்லை.

வந்த புதிதில் குளிர்காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அக்காள்தான் பார்த்துப் பார்த்துப் பிழைக்க வைத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் பெண் கேட்டார்கள், கொடுத்தோம். சபைக் கோயிலில் முறைப்படி கல்யாணம் நடந்தது. கிளப்பில் துரைமார்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் அத்தானின் ஐரிஷ் பேச்சை ஏற்கெனவே கேலி செய்து சிரித்தவர்கள்தான். வீட்டில் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, சாயங்காலமானால் கோட்டை மாட்டிக்கொண்டு அங்கேயே போய் நிற்பார்கள் அத்தான். துரைமார்கள் அத்தானின் பங்களாவுக்கு விருந்துக்கு வந்தால் அக்காள் சமையல்கட்டுக்குப் போய்விட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்ணோடு மாமியார் வீட்டுக்கு மறுவீடு வந்து கைநனைக்க வேண்டும். வராவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது. பங்களாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். அத்தான் வரவில்லை. கிறிஸ்துமஸ் தோறும் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்துக் காத்திருந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரி, "ஒங்க மகளத் தொர கட்டியிருக்காரா, வச்சிருக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு அம்மா சோறு தின்னவில்லை.

"ஏலே, நீ போயி ஒரு வார்த்தை கேளு. இங்கன வந்து ஒரு வாய் சாப்பிட்டா தொர கொறைஞ்சா போயிருவாரு?" என்றாள் என்னிடம்.

அந்தச் சமயத்தில் அத்தானின் கோர்ட்டுக்குத் தச்சநல்லூர் வழக்கு ஒன்று வந்தது. ஒரு வியாபாரி, தன் பெண்டாட்டியைத் தான் கட்டவே இல்லை என்று சாதித்தான். "மறுவீட்டுக்கு வந்து எங்க வீட்டுல எலை போட்டுச் சாப்பிட்டாருய்யா" என்று பெண்ணின் தகப்பன் கூண்டில் நின்று அழுதார். மறுவீட்டில் கைநனைத்தவன் மனைவியை மறுக்க முடியாது என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். ஊரே புகழ்ந்தது.

அந்தத் தீர்ப்பைச் சொல்லித்தான் நானும் போய் அழைத்தேன். பரீட்சைக்குப் படித்த தமிழில் பதில் வந்தது: "அந்தத் தீர்ப்பு உங்கள் ஜனங்களுக்கு. எனக்கு அல்ல. நான் வந்தால் கிளப்பில் என்ன சொல்வார்கள்?"

அர்த்தம் தெரியாமல் வராதிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். தெரிந்தே வரவில்லை. சீ, இவரும் ஒரு ஜட்ஜா என்று மனம் விட்டுப்போயிற்று.

கடைசியில் அத்தானுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். தொற்றிக்கொள்ளும் என்று பயந்து துரைமார்கள் மலர்வளையத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சவப்பெட்டியைத் தூக்க ஆளில்லை. பேட்டையிலிருந்து வந்த எங்கள் சொந்தக்காரர்களும் நானும்தான் தூக்கி வண்டியில் வைத்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு நேர்வழி இருந்தது. அக்காள் வண்டிக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, எங்கம்மை வீட்டு வழியா பைய விடுங்க" என்றாள்.

வாசலில் வண்டி நின்றது. மாப்பிள்ளை முன்னால் மாமியார் வந்து நிற்பது வழக்கமில்லை என்பதால் அம்மா கதவுக்குப் பின்னால் இருந்தே, "ஏட்டி, மாப்பிள்ளைய உள்ள கூப்பிடு" என்றாள். பெட்டியை இறக்கி நடுவீட்டில் வைத்தோம். தெருவே நின்று பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்தாள்.

அன்று தோள் கொடுத்த பேட்டைச் சொந்தங்களுக்கும், வண்டியைத் திருப்பிய அண்ணாச்சிக்கும், ஜெபம் செய்த குருவானவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடக்கத்துக்கு வராத கிளப் துரைமார்களுக்கும் மனமார்ந்த நன்றி. அவர்கள் வந்திருந்தால் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார்கள்.