பழுப்புத் தண்ணீர்

என் தம்பி மூஸா கூத்தாநல்லூரில் பிறந்து, வெண்ணாற்றில் குதித்து வளர்ந்தவன். ஆற்றில் தண்ணீர் தெளிந்து மணல் தெரிந்தால் முழங்கால் அளவுதான். பழுப்பாகக் கலங்கி வந்தால் ஆளையே முக்கிவிடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆற்றோரத்துப் பிள்ளைகளுக்குக் கண் அப்படிப் பழகிவிடுகிறது.

சவுதியில் சமையல் வேலை முடிந்த பிறகு, மாலத்தீவில் ஒரு பாய்மரப் படகில் சமையல்காரனாகச் சேர்ந்தான். படகு எங்கள் பக்கத்துப் பாபநாசத்துத் தியாகராசன் சாருடையது. சின்ன வயதிலேயே கப்பலுக்குப் போனவர். ஓய்வு பெற்றதும் சொந்தப் படகு வாங்கி, சுற்றுலாக்காரர்களைத் தீவு தீவாக அழைத்துப் போனார். பவளப்பாறைகளுக்கு நடுவே போகும்போது முன்நுனியில் ஒருவர் நின்று வழி சொல்ல வேண்டும். அந்த வேலை பார்த்தவன் காய்ச்சல் வந்து ஊருக்குப் போய்விட்டான்.

அன்று மாலை நான் மஃரிபு தொழுது எழுந்ததும் மூஸா போன் செய்தான்.

“அக்கா, எனக்குப் பிரமோஷன்! நாளையிலேர்ந்து நான்தான் சாருக்குக் கண்ணு.”

“சட்டியில உப்பு இருக்கான்னே உனக்குப் பார்க்கத் தெரியாது. நீ கடலைப் பார்க்கப் போறியா?”

“கிண்டல் பண்ணாதக்கா. தண்ணியப் பார்த்தா எனக்குத் தெரியாதா? இங்க கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு. அடியில மீன் ஓடுறதுகூட தெரியுது. இப்ப தட்டிடுமோ, அப்ப தட்டிடுமோன்னு பயமா இருக்கு. நடுவுல அங்கங்க பழுப்பா வருது பாரு, அப்பத்தான் மூச்சே வருது.”

“சார் என்ன சொன்னாரு?”

“ஆழத்த மட்டும் பாருடான்னாரு. நம்ம பக்கத்து ஆளு, இதுக்கு மேல என்ன சொல்லணும்?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் போனை வைத்த பிறகு தொழுகை விரிப்பை மடிக்காமல், அவனுக்காகத் திரும்பவும் கையேந்தினேன்.

அடுத்து நடந்ததை மூஸா ஒரே மூச்சில் சொன்னதில்லை. கொஞ்சம் சொல்வான், எழுந்து போய்விடுவான்.

சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டுச் சாரும் அவனும் மட்டும் திரும்பியிருக்கிறார்கள். முதுகுப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எதிரே சாய்ந்த வெயில். மழை வருவதற்குள் பாறை வளையத்தைத் தாண்டி நங்கூரம் போட சார் அவசரப்பட்டார்.

“மூஸா, எனக்கு வெறும் மினுக்கமாத்தான் இருக்கு. உனக்கு என்னப்பா தெரியுது?”

“இடப்பக்கம் அடி தெரியுது சார், வேணாம்! வலப்பக்கம் பழுப்பா இருக்கு. நல்ல ஆழம்!”

“நிச்சயமா?”

“தைரியமா வாங்க சார்!”

அந்தக் கடலில் வண்டல் கிடையாது; பல ஆள் ஆழத்திலும் அடி தெரியும். பழுப்பாகத் தெரிந்தது, நீர்மட்டம் வரை வளர்ந்து நின்ற பாறை. அடி தெரிந்த பக்கம்தான் நல்ல ஆழம்.

படகு பாறையில் ஏறி, அடியில் ஓட்டை விழுந்து நின்றது. “நீ மேலயே நில்லு” என்று சொல்லிவிட்டு, ஓட்டையை அடைக்கச் சார் உள்ளே இறங்கினார். காற்று அதற்குள் வந்துவிட்டது. ஓர் அலை படகைப் பாறையிலிருந்து உருட்டி ஆழத்தில் தள்ளியது. மூஸா வெளியே விழுந்தான். சார் உள்ளே இருந்தார்.

பாறையைப் பிடித்துக் கிடந்தவனை மீன்பிடிக்காரர்கள் தூக்கினார்கள். இங்கே நானும் அவன் மனைவி ஆமினாவும் அடிக்காத போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அல்லாஹ் என் தம்பியைத் திருப்பிக் கொடுத்தான். தியாகராசன் சார் வீட்டிலும் இப்படித்தானே போனைப் பார்த்திருப்பார்கள்.

இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்தபோது ஊரே கரையில் நின்றது. எங்கள் வயல் வாய்க்காலிலும் பழுப்பாக ஓடியது. மடையைத் திறக்க மூஸா போனான். வெகுநேரமாகியும் வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை என்று ஆமினா என்னைக் கூட்டிப்போனாள்.

பிறந்ததிலிருந்து இறங்கிப் பழகிய வாய்க்கால். அவன் கரையில் குந்தி, நீளமான மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் விட்டுக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முழங்கால் தண்ணிதான் மச்சான், எறங்குங்க” என்றாள் ஆமினா.

“நீ பார்த்தியா?” என்றான். கழி மறுபடி உள்ளே போனது.